அறையில் ஆள் இருக்கும்போது

அடிலெய்ட்
நவம்பர் 4

அன்புள்ள ரேலீன்,

இரண்டு வாரமாக நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் “அடுப்புல வேலை இருக்கு” என்று வைத்துவிடுகிறாய். அதனால் தபால்தலை வாங்கி ஒட்ட வேண்டியதாகிவிட்டது. நான் நலம். வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு, மற்ற நாட்களில் சலிப்பு.

விஷயம் இதுதான். பண்ணையில், வீட்டுக்குத் தள்ளி இருக்கும் என் ரேடியோ அறையில் ஏதோ நடக்கிறது. இந்தச் சின்ன வீட்டிலிருந்து மடிக்கணினி வழியாக அந்த செட்டை இயக்கி, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களோடு பேசித்தான் நான் பொழுதை ஓட்டுகிறேன். செட் அணைந்திருக்கும்போதும் அந்த அறை கரண்ட் இழுப்பதாகத் திரையில் தெரிகிறது. எலி வயரைக் கடிக்கிறதா, ஈரம் இறங்கியிருக்கிறதா, ஒன்றும் புரியவில்லை.

உரிமம் என் பெயரில் இருக்கிறது. எவனாவது உள்ளே புகுந்து கண்டதைப் பேசினால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. இடிமேகம் வருகிறதென்று தெரிந்தால் நான் இங்கிருந்தே அறையின் மெயினை அணைத்து, ஏரியலையும் துண்டித்துவிடுகிறேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

உன்,
மெர்வ்

ஓரரூ
நவம்பர் 8

அன்புள்ள மெர்வ்,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது.

அது எலி இல்லை. பழைய ஃப்ரீசரை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கிடா வெட்டினோம், வீட்டு ஃப்ரீசரில் இடமில்லை. அதனால் தயவுசெய்து மெயினை அணைக்காதே. வானத்தில் பஞ்சு மாதிரி ஒரு மேகத்தைப் பார்த்தாலே நீ அணைத்துவிடுகிறாய்.

மழை இல்லை. ஆடுகளுக்குத் தீவனம் போட்டே முதுகு போகிறது. உப்பைக் குறைத்துச் சாப்பிடு. அந்த நர்ஸ் சொல்வதைக் கேள்.

அன்புடன்,
ரேலீன்

அடிலெய்ட்
நவம்பர் 13

ரேலீனுக்கு,

நான் கிழவன்தான், முட்டாள் இல்லை. ஃப்ரீசர் நாள் முழுக்க விட்டுவிட்டு ஓடும். இது காலையில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம் பலமாக இழுத்துவிட்டு நிற்கிறது. அது கெட்டில். கிடாய்க்கறி டீ குடிக்குமா?

இன்னொன்று. ஏரியலை அமெரிக்கா பக்கம் திருப்பி வைத்திருந்தேன். நேற்று பார்த்தால் அது மேற்கே பார்த்து நிற்கிறது. நான் திருப்பவில்லை. கணினி வழியாக எவனோ திருடன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினேன். பிறகு பார்த்தால், அறைக்குள் இருக்கும் பொத்தானால் திருப்பியதாகக் காட்டுகிறது. உனக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஸ்பட் குரைக்கவில்லையா? அந்த நாய்க்கு எதற்குச் சோறு போடுகிறோம்?

செட்டில் முழுச் சக்தியில் நான் பேசும்போது ஏரியலுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் அவனுக்கும் ஆபத்து. ஆகவே மெயினை அணைத்துவிட்டேன். உள்ளே இருப்பது யாரென்று நீ சொல்லும்வரை போட மாட்டேன். பதில் வராவிட்டால் போலீசுக்குச் சொல்வேன்.

மெர்வ்

ஓரரூ
நவம்பர் 17

மெர்வ்,

போலீசைக் கூப்பிடாதே. உள்ளே இருப்பது ப்ரெண்டன்.

குடிக்காக நீ வெளியே போகச் சொன்ன நம் மகன் வந்து ஒரு மாதமாகிறது. உனக்குச் சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டான். எனக்குப் போனில் பொய் சொல்ல வராது, அதனால்தான் எடுக்கவில்லை. குடியை விட்டு ஒன்றரை வருடமாகிறதாம். நான் மோந்துகூடப் பார்த்தேன், வெட்கமாகத்தான் இருந்தது. நிஜம்தான். ஸ்பட் அவன் காலடியிலேயே படுத்துக் கிடக்கிறது, அது எங்கே குரைக்கும்?

வீட்டுக்குள் வாடா என்றால் வர மாட்டேன் என்கிறான். “வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னுதான் அப்பா சொன்னாரு. ரேடியோ ரூமுக்கு வாசப்படியே இல்லையேம்மா” என்கிறான். பிடிவாதம் யாரிடமிருந்து வந்ததென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏரியலைத் திருப்பியது அவன்தான். அன்றைக்கு வந்த காற்றில் கம்பம் கிறீச்சிட்டதாம், காற்றுக்கு வாகாகத் திருப்பி வைத்தானாம். நீ துண்டித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஏரியல் துண்டிக்கப்படவே இல்லையாம். அதைத் துண்டிக்கிற பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டி, நெம்புகோல் சிக்கிக் கிடந்ததாம். உன் திரை என்ன சொன்னால் என்ன? இடி வந்தபோது அவன்தான் கேபிளைக் கழற்றி வெளியே எறிந்திருக்கிறான். இல்லாவிட்டால் உன் செட் கரியாகியிருக்கும்.

ஆனால் நான் இதை எழுதுவது செட்டுக்காக இல்லை. ஒவ்வொரு முறையும் விளக்கு அணையும்போது அவன் முகத்தை நான் பார்க்கிறேன். “அப்பாதானே அணைக்கிறாரு? நான் இருக்கிறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அங்க உக்காந்துக்கிட்டே துரத்துறாரு பாரு” என்றான். இடிக்காகத்தான்டா என்றேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது அப்போது.

நாலு நாளாக இருட்டில் இருக்கிறான். வீட்டிலிருந்து வயர் இழுத்துத் தருகிறேன் என்றேன், அதுவும் வேண்டாமாம். சனிக்கிழமை பஸ்ஸுக்குப் போய்விடுவேன் என்கிறான். இந்த முறை போனால் திரும்ப மாட்டான். சத்தியத்தை மீறிவிட்டேன். நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது.

ரேலீன்

அடிலெய்ட்
நவம்பர் 19

அன்புள்ள ரேலீன்,

படித்ததும் முதலில் மெயினைப் போட்டேன். அதுதான் எனக்கு உடனே தெரிந்த ஒரே காரியம். பிறகு போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். மூன்று முறை அப்படி. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், சனிக்குள் வந்துவிட வேண்டும்.

நான் அவனைத் துரத்தவில்லை. நான் கெட்டிலைத் துரத்தினேன். ஆனால் உள்ளே இருப்பது அவன் என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் என்றால் நிச்சயம் அணைத்திருப்பேன். இப்போது? எனக்கே விளங்கவில்லை. இன்று காலை முழுக்க நர்ஸ் கேட்டதற்கெல்லாம் தப்புத் தப்பாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் தெரியும், அதை அவனிடம் சொல். செட்டுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. அதன் வலது பக்கம் ஒரு சாவி தொங்கும். அதைத் துளையில் போட்டு ‘உள்ளே’ என்ற பக்கம் திருப்பினால், அதற்கப்புறம் தூரத்திலிருந்து எவனாலும் எதையும் போடவும் முடியாது, அணைக்கவும் முடியாது. என்னாலும் முடியாது, என் திரையும் கறுத்துப்போகும். அறையில் ஆள் இருக்கும்போது சாவி அவன் கையில்தான் இருக்க வேண்டும். ரேடியோக்காரர்கள் எங்களுக்கு அதுதான் சட்டம். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் நான் அதை மீறிக்கொண்டிருந்தேன்.

சாவியைத் திருப்பச் சொல். வாசப்படி மிதிக்காதே என்று சொன்னதையும் நான் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று சொல். நம்பாவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

உன்,
மெர்வ்

ஓரரூ
நவம்பர் 23

அன்புள்ள மெர்வ்,

வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் உன் கடிதம் வந்தது. அவன் பையைக் கட்டி வைத்துவிட்டான். கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான்.

“இதைத் திருப்பிட்டா அவரு யாரோட பேசுவாரு? அவருக்கு அங்க வேற என்ன இருக்கு?” என்று கேட்டான். உன் அப்பாதான் திருப்பச் சொல்லியிருக்கிறார் என்றேன். வெகுநேரம் சாவியைக் கையிலேயே வைத்திருந்தான். பிறகு திருப்பினான்.

சனிக்கிழமை பஸ் அவன் இல்லாமல் போயிற்று. வீட்டுக்குள் இன்னும் வரவில்லை. நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்படி ஜன்னல் வரைக்கும் வந்து தட்டை வாங்கிக்கொண்டான். உன்னோடு பேசுவானா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமையிலிருந்து உன் திரையில் ஒன்றும் வந்திருக்காது. கெட்டுப்போய்விட்டது என்று எண்ணிக் குழம்பாதே. அது கறுப்பாக இருக்கிற வரைக்கும் அவன் இங்கே இருக்கிறான்.

அன்புடன்,
ரேலீன்