பாதி வேகத்தில் பூட்டிய மிஷின்

காட்டுப்பாக்கம்

அன்புள்ள உதயா,

நீ எனக்குத் தப்பு செய்திருக்கிறாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ செய்து அனுப்பிய தையல் மிஷினைப் பாதி வேகத்துக்கு மேல் ஓடாதபடி பூட்டி வைத்திருக்கிறாய். மற்றபடி நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம், புனேயில் நீயும் மருமகள் கிருஷ்ணப்பிரியாவும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதும் படி.

மிஷினைக் குறை சொல்ல மாட்டேன். போலியோவில் கால் போன எனக்கு இத்தனை வருஷமும் வலது கை சக்கரம் சுற்றுவதிலேயே போயிற்று, துணிக்கு ஒரு கைதான். நீ மேஜை விளிம்பில் ஒரு பலகை வைத்து, முழங்கையால் அழுத்தினால் ஓடும்படி செய்துவிட்டாய். இரண்டு கையும் துணி மேல் இருக்கிற சுகம் இந்த வயதில்தான் கிடைத்தது. முழங்கையை எடுத்தால் ஊசி துணிக்குள்ளேயே நிற்கிறது, காலர் முனையை அப்படியே திருப்பிக்கொள்கிறேன். தைக்கும்போது மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றிச் சாய்வேன் என்பது எனக்கே தெரியாது, மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த உனக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கம்பெனியின் மற்ற மிஷின்களில் இருக்கிற பூத்தையல்களை எல்லாம், அம்மாவுக்கு இது எதற்கு என்று எடுத்துவிட்டாயே, அதுவும் சரி. பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பார்த்து நானாகவே தொழில் கற்றவள், லேசில் யாரையும் மெச்ச மாட்டேன். உன்னை மெச்சுகிறேன்.

ஆனால் பூட்டு ஏன் என்று கேட்டால், நான் உங்களிடம் சொன்னதைத்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்கிறாய். மிஷின் செய்வதற்கு முன் உன்னோடு இங்கே வந்த உங்கள் மேனேஜர் வித்யா, மெதுவாக ஓடினால் போதுமா ஆன்ட்டி என்று கேட்டாள், பரவால்லம்மா என்றேன். வீடு தேடி வந்த பெண்ணிடம் வேறு என்ன சொல்வார்கள்? சர்க்கரை போடாத காபி கொடுத்தாலும் அடுத்தவர் வீட்டில் நீயும் பரவாயில்லை என்றுதான் சொல்வாய், அதற்காக இனிமேல் உனக்குச் சர்க்கரையே கிடையாது என்றா அர்த்தம்? அவள் டெல்லியில் வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாது. நீ இந்த வீட்டில் வளர்ந்தவன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கால் நடக்காதவளுக்குக் கையும் மெதுவாகத்தான் போகும் என்று நீயும் நினைத்துவிட்டாயோ என்பதுதான் என் வருத்தம்.

வேலப்பன்சாவடி யூனிஃபார்ம் கடை மணவாளன் நேற்று வந்து பார்த்துவிட்டு, இன்னாக்கா மிஷினு தூங்கிகினே தைக்குது, ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள முடியாட்டி வேற எடத்துல குடுத்துடுவேன், கோச்சிக்காத என்று சொல்லிவிட்டுப் போனார். வருஷா வருஷம் எனக்கு வருகிற வேலை அது. கை மிஷினுக்குத் திரும்பலாம் என்றால் தோள் இடம் கொடுக்கவில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். சர்வீஸ் ஆளை அனுப்பி இந்த வாரமே நீ பூட்டை எடு. வேகத்தைத் தைக்கிறவளே கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைக்க வித்யா ஏற்பாடு செய்யட்டும், புதிதாகப் பழகுகிறவளுக்குப் பாதி வேகமும் வேண்டியிருக்கும். அடுத்த வீட்டுக்குப் போகும்போது வித்யா, வாய் சொல்வதைக் கேட்பதோடு நிற்காமல் தைக்கிறவளின் கையையும் பார்க்கட்டும். மணவாளனிடம் அப்பா போய்ப் பேசி வருவார். மீதியை நான் தைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா
நாகவல்லி