பட்டிக்குள் போன பந்து

அன்புள்ள அம்மாவுக்கு, ராய்ப்பூரிலிருந்து முத்துசெல்வி. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் ஆடுகள் எப்படி?

இங்கே என்னிடம் ஹாக்கி பழகும் சிறுமிகளை, கோவில்பட்டியில் நான் ஓடியதுபோலப் பத்துச் சுற்று ஓடவிட்டேன். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அதை அப்போது உங்களிடம் சொல்லவில்லை. பிறகு பந்துகளை ஆடுகள் என்றேன், கோல் வலையைப் பட்டி என்றேன், ஒருத்தியை நரியாக்கினேன். நரி பிடிப்பதற்குள் ஆட்டைப் பட்டியில் அடைக்க வேண்டும். நீங்கள் ஆடுகளைக் கூப்பிடுகிற "பா... பா... ட்ரியோ!"வையும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது இருட்டினாலும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறார்கள்!

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் பதினோரு பேரும் "ட்ரியோ!" என்று கத்த, எதிரணி விழிக்க, பந்து பட்டிக்குள் போய்விட்டது. கோப்பை நமக்குத்தான்!

"ஏட்டி, அங்கன போயி ஆடு மேய்ச்சத யார்ட்டயும் சொல்லிறாத" என்று பஸ் ஏற்றும்போது சொன்னீர்களே. சொல்லிவிட்டேன் அம்மா, கோப்பை வாங்கும்போது மைக்கிலேயே சொன்னேன். மைதானமே கைதட்டியது.

ஒரு உதவி. நீங்கள் ஆடு கூப்பிடுவதைத் தம்பியின் செல்போனில் பதிந்து அனுப்புங்கள். என் குரல் சரியாக வரவில்லை, பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன். கடைசியில் என் பெயரையும் ஒருமுறை கூப்பிடுங்கள்.

நரி வாசலில் வந்து கத்துகிறாள், ஓடுகிறேன்.

முத்துசெல்வி