விளிம்பில் அடித்த எழுத்து

ஜனவரி 3, செவ்வாய்
முடித்தேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் காந்த லென்ஸுக்கான இரும்பு முனை. நடுவே பட்டாணிகூட நுழையாத துளை. வைரத்தூள் பசையோடு பதினோரு நாள் மல்லுக்கட்டினேன். உலை பார்க்கும் ஓதகார் எட்டிப் பார்த்து, "ஸோரா, இது கையா, மெஷினா?" என்றார். புர்னோ ஊரில் இவ்வளவு வட்டமாக மெருகேற்ற வேறு யார் இருக்கிறார்கள்?
எங்கள் பட்டறையில் முடித்தவர் தன் பெயரின் முதலெழுத்தைப் பின்பக்கம் பதிப்பது வழக்கம். இது புது மாடல், நான் செய்ததிலேயே சிறந்தது. அதனால் முன்பக்கமே, துளைக்குப் பக்கத்தில், அச்சை வைத்துச் சுத்தியால் ஒரே போடு.

ஜனவரி 9, திங்கள்
நுண்ணோக்கியில் படம் கோணலாக வருகிறதாம். புள்ளியாகத் தெரிய வேண்டிய அணுக்கள் நீளநீளமாக இழுத்துக்கொண்டு நிற்கின்றன. பொறியாளர் ராதிம் தயங்கித்தான் சொன்னார்: "துளை வட்டமா இல்லக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா இந்த வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவாங்க."
என் துளையா? வட்டமில்லையா?

ஜனவரி 10
மூன்று தடவை அளந்தேன். வட்டம்தான்!

ஜனவரி 12, வியாழன்
மதியம் கேண்டீனில் ஓதகார் பொரிந்து தள்ளினார். "நான் இரும்ப மணிக்கணக்கா சூடேத்தி, ஆறவெச்சு, பதமா அனுப்புறேன். அப்புறம் ஒரு தட்டு தட்டினா போதும், அந்த இடத்துல காந்தம் கெட்டு, துளை வட்டமா இருந்தாலும் படம் கோணிடும். லென்ஸ பூட்டுறவங்கள்ல எவனோதான் தட்டியிருக்கான்."
சூப்புக் கரண்டி கையிலேயே நின்றது. தட்டியது எவனோ இல்லை.
பேசாமல் இருந்திருக்கலாம். பூட்டுகிறவர்கள் தலையில் விடிந்திருக்கும். ச்சே, அப்படியொரு பிழைப்பா? நேரே ராதிமிடம் போய், "நான்தான் அடிச்சேன்" என்றேன்.
விழுந்து விழுந்து சிரித்தார். "பேரு போடப்போய் படத்தையே கெடுத்தீங்களேக்கா!"
எழுத்தைத் தேய்த்து எடுத்து, முனையை மறுபடி உலைக்கு அனுப்பினோம்.

ஜனவரி 20
உலையிலிருந்து வந்துவிட்டது. இனி ஒரு முடியளவு கூடுதலாகத் தேய்த்தாலும் அளவு போய்விடும். ஒரு சறுக்கலும் இல்லாமல் துளையை மறுபடி மெருகேற்றி முடித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை — சரி, பெருமைக்குத்தான்.

ஜனவரி 26, வியாழன்
என் பெயர் நாள், காலண்டரில் ஸோரா என்று போட்டிருக்கும் நாள். எல்லோருக்கும் கொலாச் பன் சுட்டுக் கொண்டுபோனேன். ராதிம் மரச்சட்டம் போட்ட ஒரு படத்தோடு வந்தார். வரிசை வரிசையாக அணுக்கள், ஒவ்வொன்றும் அச்சு அசல் வட்டம். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.
என் எழுத்து அச்சையும் சுத்தியையும் நீட்டினார். "இரும்ப விட்டுடுங்கக்கா. இந்தச் சட்டத்துல அடிங்க, எவ்வளவு ஓங்கி வேணாலும்."
அடித்தேன். தட்டிலிருந்த கொலாச்செல்லாம் குதித்தன.