கூட்டல் மேலே

நாள் 212. 09:10
சீரிஸ் சிறுகோள் ஆய்வு நிலையம். பதிவு: வேதவல்லி. காற்றழுத்தம் சரி. மின்கலம் 71 சதவீதம். விலா எலும்பு முறிந்த அறவாழி பத்தொன்பதாவது நாளாக உறக்கப் பெட்டியில். பெட்டியின் வெப்பச் சுற்றில் பழுதான ஆப் ஆம்பை, அதாவது சூட்டை அளந்து ஹீட்டரை இயக்கும் சில்லை மாற்றி, பலகையைப் பிசின் ஊற்றி மூடினேன். பெட்டி 31.0 டிகிரி. 28-க்குக் கீழோ 34-க்கு மேலோ போனால் அவர் இதயம் தாங்காது.

11:25
31.6. சூடு ஏறினால் சுற்று ஹீட்டரைக் குறைக்க வேண்டும். கூட்டுகிறது. எதிர்ப் பின்னூட்டம் விலகலை இழுத்துப் பிடிக்கும். நேர்ப் பின்னூட்டம் அதை மேலும் தள்ளும். இரண்டுக்கும் வித்தியாசம் எந்தக் கம்பி எந்தக் காலில் என்பதுதான். மாற்றிப் பொருத்தியிருக்கிறேன்.

வரைபடம் அறவாழி போட்டது. ஆப் ஆம்பின் இரண்டு உள்ளீட்டுக் கால்களில் நான் கழித்தலை மேலே வரைவேன், அவர் கூட்டலை. பதினோரு வருடச் சண்டை. மூலையில் பென்சிலில் எழுதியிருக்கிறார்: “கூட்டல் மேலே. பாத்து வேதா, உன் கை சும்மா இருக்காது.” இப்போதுதான் படித்தேன்.

12:00
பிசினை உடைத்தால் ஆறு மணிநேரம் ஹீட்டர் இருக்காது. முடியாது. ஆப் ஆம்பைத் துண்டித்து, ஹீட்டரைக் கையால் இயக்குகிறேன். ஏறினால் அணை, இறங்கினால் போடு. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை. எதிர்ப் பின்னூட்டம் இனி நான்தான். மீட்புக் கலம் வர 52 மணிநேரம்.

கலத்திலிருந்து லூர்து மேரி: “யக்கா, தூங்கிராத என்ன? அந்த மனுசன் எந்திச்சதும் ‘கூட்டல் மேல’ன்னு உன் நெத்தியில பச்சை குத்தச் சொல்றேன்.”

சிரித்தேன்.

நாள் 213. 10:40
ஏற்ற இறக்கம் 0.3. காபித்தூளை அப்படியே மெல்கிறேன். உட்காருவதில்லை.

நாள் 214. 08:15
ஏற்ற இறக்கம் 1.4. போட்ட சூடு பெட்டியைத் தொட ஐந்து நிமிடம். நான் பார்த்து, புரிந்து, கை நீட்ட இப்போது மூன்று. அது போய்ச் சேரும்போது தேவை தீர்ந்திருக்கிறது. தாமதம் கூடினால் எதிர்ப் பின்னூட்டமும் நேர்ப் பின்னூட்டம் ஆகிவிடும். கல்லூரியில் இரண்டு மதிப்பெண் கேள்வி.

லூர்து மேரி: “இன்னும் எட்டு மணிநேரந்தான்க்கா. பேசிக்கிட்டே இரு. ஏதாச்சும் திட்டு. அவரத் திட்டு.”

அவரைத் திட்ட ஒன்றுமில்லை.

12:48
33.1. அணைத்தேன். பிடிக்க நினைக்கும் கைதான் தள்ளுகிறது. ஆனால் கையை எடுக்கவும் முடியாது.

13:06
29.2. போட்டேன். நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

“யக்கா? லைன்ல இருக்கியா? யக்கா!”

இருக்கிறேன் மேரி. வரைபடத்தைச் சுவிட்சுக்கு மேலே ஒட்டிவிட்டேன். இனி பார்க்காமல் எதையும் தொட மாட்டேன்.

13:11
28.8. இறங்குகிறது. கூட்டல் மேலே. பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். இறங்குகிறது, அதனால் அணைத்தேன். சரி. இனி ஏறும்.

மேரி கூப்பிடுகிறாள். ஏறட்டும், சொல்கிறேன். ஒரு நிமிடம் கண்ணை