பச்சை மழைக்கோட்டுக்காரியைக் கொல்பவர்

மார்ச் 6, லம்பாங்

இந்தப் படத்தில் என் கழுத்தை நெரிக்கிறார்களாம். போன படத்தில் கிணறு. அதற்கு முன்னால் ரம்பம்.

இயக்குநர் கோப் பள்ளியில் என்னிடம் படித்தவன். அவன் படத்தில் எருமை பேசும், படிக்கட்டு வானத்தில் போய் முடியும். ஆனால் எந்தப் படமானாலும் பச்சை மழைக்கோட்டு போட்ட ஒருத்தி வருவாள், அது நான். அவித்த முட்டையைத் தின்றுவிட்டு ஒருவன் அவளைக் கொல்வான், அது கம்பான். பின்னால் எங்காவது ஒரு மண் தவளைப் பொம்மை ஒளிந்திருக்கும். எங்கள் பாஷையில் கோப் என்றால் தவளை. அதைக் கண்டுபிடிக்கவே ரசிகர்கள் மறுபடி டிக்கெட் வாங்குகிறார்கள்.

கொலை முடிந்ததும் செத்தவர் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். எல்லாப் படப்பிடிப்பிலும் இந்த வழக்கம் உண்டு. சிரிக்காவிட்டால் சாவு வீடுவரை வரும்.

மார்ச் 9

கம்பான் பழைய குத்துச்சண்டைக்காரர். தலையில் வாங்கிய அடியெல்லாம் இப்போது வேலை செய்கிறது. இன்று உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே முட்டையைத் தேடினார்.

"டீச்சர், இன்னிக்கு உங்கள எப்பிடிக் கொல்லணும்?" திரும்பத் திரும்பக் கேட்டார். வாய்ப்பாடு மறந்த பையனுக்குச் சொல்வதுபோல் நானும் திரும்பச் சொன்னேன்.

கோப் தனியே வந்தான். "வேற ஆள் போட்டுரலாமா டீச்சர்?"

"இதுவும் போயிட்டா மனுஷன் காலையில எதுக்குடா எந்திரிப்பாரு?"

மார்ச் 10

கரும்புக்காட்டில் காட்சி. கை கழுத்தில் விழுந்ததுமே தெரிந்தது — நிஜப் பிடி. கட்டைவிரல் இறங்குகிறது. அவர் கண்ணில் நான் இல்லை. எந்தக் காலத்து எதிராளியோ. உதைத்தேன், பிறாண்டினேன். ரத்தம் வந்தது, பிடி தளரவில்லை.

"பிரமாதம் டீச்சர், அப்பிடியே!" என்கிறான் கோப். படுபாவி, நான் சாகறேன்டா!

கரும்பு வேரடியில் அந்த மண் தவளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கத்த மூச்சில்லை. உதட்டை இழுத்துச் சிரித்தேன். கிழிந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம்.

கை விட்டுவிட்டது. சிரித்துவிட்டால் கொலை முடிந்தது. எல்லாம் மறந்தவருக்கு அது மட்டும் மறக்கவில்லை. என்னைத் தூக்கி, மண்ணைத் தட்டிவிட்டார்.

"நல்லா செத்தீங்க டீச்சர்."

மார்ச் 11

விழுங்க முடியவில்லை. கோப் வந்து அழுதான். "அவர அனுப்பிடறேன்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 12

அந்தக் கைகளுக்கு என் கழுத்தை இனிக் கொடுக்க மாட்டேன். அதற்காக அவரை வீட்டில் உட்காரவைக்க வேண்டுமா? கோப்பைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "கோட்ட அவருக்குப் போடு. முட்டைய எங்கிட்டக் குடு."

மார்ச் 18

கோட்டு அவருக்குத் தோளில் இறுக்கம். முட்டையைத் தின்றேன். ரப்பர் உலக்கையை ஓங்கி மண்டையில் போட்டேன், மறுபடியும் போட்டேன். இத்தனை கோபம் எனக்குள் எங்கே இருந்தது? முகமெல்லாம் சிவப்புச் சாயத்தோடு சாய்ந்தார்.

காத்திருந்தோம். கம்பான் சிரிக்கவில்லை. எல்லோர் முகமும் வெளுத்தது.

குனிந்தேன். "அண்ணே, சிரிங்க."

ஒரு கண் திறந்தது. "யாரு செத்தது டீச்சர்?"

"நீங்கதான்."

"நானா? ஒருவழியா செத்துட்டேனா?"

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கோப்பும் கேமராவை நிறுத்தவில்லை.