மாப்பிள்ளையின் கையெழுத்து

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாலைதீவில் நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாம்புரியில் நம் பெண்கள் வெங்காயம் வதக்கிப் போடும் சீனிச்சம்பல் இங்கே நன்றாகப் போகிறது.

ஒரு சின்னக் கதை, பயப்படாதீர்கள். நேற்று வெளிநாட்டு வியாபாரிகளோடு விலை பேசும் கூட்டத்துக்குப் போனேன். நம் நாட்டு அலுவலர் ஒருவர் வாசலில் மறித்தார்.

“மாப்பிள்ளைட கையெழுத்து இல்லாம பொம்புளைகள உள்ள எடுக்க ஏலா.”

ஆண்களிடம் அவர் மனைவியின் கையெழுத்தைக் கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“அவர் மௌத்தாகி, மண்ணுக்குள்ள போய் ஆறு வருஷம். கபுறடிக்கு நீங்களே போய் வாங்கிட்டு வாங்க” என்றேன்.

அவரைத் தாண்டி உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். வியாபாரிகள் மாதம் ஐந்நூறு போத்தல் சம்பல் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் கோபம் ஆறவில்லை. கற்பிட்டியில் தேங்காயெண்ணெய் வடிக்கும் றிஷ்னா எனக்கு முன்னே வந்து, அதே சொல்லைக் கேட்டு அழுதுகொண்டு அறைக்குத் திரும்பியிருக்கிறாள்.

இக்கடிதம் கொண்டுவருபவர் வெள்ளிக்கிழமை இங்கே திரும்புகிறார். என் தலையணைக்கு உறை இல்லை. மகள் நஸ்ஹாவின் பழைய சட்டையொன்றைத் துவைக்காமல் அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இன்றைய கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. றிஷ்னாவைக் கையில் பிடித்து அழைத்துப்போகிறேன். அந்த மனிதர் இன்னொருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

துஆச் செய்யுங்கள்.

உங்கள் மகள்,
ஹஃபீலா