திருப்பி மாட்டிய ஏ.சி.

ஜனவரி 6

ஏ.சி. மெக்கானிக்குக் குளிர்காலத்தில் யார் ஃபோன் செய்வார்கள்? இன்று வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ராங் நம்பர். நாளை மறுநாள் கடுங்குளிர் இறங்குமாம். இந்த ஊரில் ஸ்வெட்டர் என்பது புகைப்படத்துக்கு மட்டும் போடுவது. அக்கா ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியை அடைத்துக்கொண்டிருக்கிறாள், அவளுடைய கிழநாய்க்காக. "நெஞ்சுல சளி இருக்கு, இந்தக் குளிர் பட்டா தாங்காதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

எனக்கும் அதற்கும் ஆகாது. அத்தான் போனபிறகு அக்காவோடு வந்த இலவச இணைப்பு அது. என் அறை வாசலைத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஆனால் அதுவும் போய்விட்டால் அக்கா என்ன ஆவாள்? பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 7

கடைகளில் ஹீட்டர் தீர்ந்துவிட்டது. யாரிடமாவது இரவல் கேட்கலாம் என்றாள் அக்கா. நான் விடுவேனா? ஜன்னல் ஏ.சி.க்கு முன்பக்கம் குளிர், பின்பக்கம் வெக்கை. திருப்பி மாட்டினால் வெக்கை வீட்டுக்குள்!

மாட்டி, மத்தியான வெயிலில் ஓட்டிப் பார்த்தேன். கூடம் கொதித்தது. நாய் அதன் முன்னால் கால் நீட்டிப் படுத்துவிட்டது. "பரவால்லடா, உன் தொழிலும் ஒரு நாளைக்கு உதவுது" என்றாள் அக்கா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜனவரி 8

குளிர் வந்துவிட்டது. ஏ.சி. ஓடவில்லை.

ஜனவரி 9

குளிர்ந்ததும் நிற்பதுதானே ஏ.சி.யின் வேலை? குளிரை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் இப்போது தெருப்பக்கம் இருக்கிறது. தெருவே சில்லிட்டிருக்க, தன் கடமை முடிந்ததென்று அது நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் இது முதல்நாள் பாடம். அதை ஏமாற்றி ஓட்டினேன். குளிரூட்டும் காயிலில் பனிக்கட்டி கட்டி மறுபடி நின்றது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுட்டிருந்தால்கூடத் தேவலை.

நேற்று ராத்திரி நாய்க்கு ஒரே நடுக்கம். கூப்பிட்டால் தலை தூக்கவில்லை. அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். "அவரும் கடைசியில இப்படித்தான்டா நடுங்கினாரு" என்று மட்டும் சொன்னாள்.

அய்யோ — என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்?

வீட்டிலேயே கதகதப்பான இடம் என் அறைதான். தூக்கிக்கொண்டு போய் என் கட்டிலில், என் போர்வைக்குள், வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்தேன். நாற்றம் சொல்லி மாளாது. சனியனே, செத்துடாதே, செத்துடாதே என்று முனகிக்கொண்டே இருந்தேன். விடிந்தபோது நடுக்கம் நின்றிருந்தது. போய்விட்டதோ என்று மூக்கருகே விரலைக் கொண்டுபோனேன். நக்கியது.

ஜனவரி 10

ஜலதோஷம், எனக்கு. நாய் இரண்டு தட்டு சாப்பிட்டது.

ஜனவரி 16

வெயில் வந்துவிட்டது. ஏ.சி.யை நேராக மாட்டியாயிற்று.

என் அறையிலிருந்து நாயைக் கூடத்துக்கே கூட்டிப்போக அக்கா வந்தாள். குளிர் இன்னும் முழுசாக விடவில்லை, கிழட்டு உடம்பு, ரெண்டு நாள் போகட்டும் என்றேன். அவள் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.